பேச்சைக் கேட்டபடியே வரைவது: இதைத் தொழிலாக எடுக்கலாமா?

கேள்வி கேட்டவர் தென் மாவட்டத்தில் பகுதி நேர ஓவிய ஆசிரியராக இருக்கிறார். சென்னையில் ஒரு கருத்தரங்குக்குப் போன இடத்தில், மேடையில் ஆட்கள் பேசப் பேச, ஓரமாக நின்ற ஒருவர் எட்டடி நீளப் பலகை முழுக்க எழுத்தும் படமுமாக நிரப்பியதைப் பார்த்திருக்கிறார். “எனக்கு வேகமாக வரைய வரும். இதில் சம்பாதிக்க முடியுமா? ஐபேட் கட்டாயம் வேண்டுமா? எவ்வளவு கேட்கலாம்?” என்று எழுதியிருக்கிறார். மூன்றுக்கும் கீழே பதில் வருகிறது. ஆனால் இவற்றுக்கு அடியில் இருக்கும் கேள்வி, நன்றாக வரைய வருகிறவருக்கு இந்த வேலையும் வந்துவிடுமா என்பதுதான். அதற்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். வரையும் கை இருப்பது நல்லது, ஆனால் அது வேலையின் சிறிய பகுதி. மிச்சமெல்லாம் காதிலும், எதை விட்டுவிடுவது என்று அந்த நொடியில் எடுக்கும் முடிவிலும் இருக்கிறது. யாருடைய பேச்சு பலகையில் ஏறுகிறது, யாருடையது ஏறவில்லை என்பதற்கு நீங்கள் பொறுப்பாளி. அந்தப் பொறுப்பை விரும்பி ஏற்கிறவருக்கு இது அருமையான தொழில்.

என்னைப் பற்றி ஒரு வரி. கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் படித்தேன், விளம்பரத் துறையில் ஸ்டோரிபோர்டு (படம் எடுக்கும் முன் காட்சிகளை வரிசையாக வரைந்து காட்டுவது) வரைந்தேன், பிறகு பத்தாண்டுக்கும் மேலாக இதே வேலைதான். நிறுவனக் கூட்டங்கள் பாதி, தொண்டு நிறுவனங்களும் கிராமக் கூட்டங்களும் மீதி. நான் சொல்வதெல்லாம் தமிழ்நாட்டையும் பெங்களூரையும் வைத்துத்தான். வெளிநாட்டுச் சந்தைக்கு இதை அப்படியே பொருத்திப் பார்க்க வேண்டாம்.

கூப்பிடுகிறவர்கள் இதற்கு ஒரே பெயர் வைப்பதில்லை. லைவ் இல்லஸ்ட்ரேஷன் என்பார்கள், கிராஃபிக் ரெக்கார்டிங் என்பார்கள், “டூடுல் போடுறவங்க வேணும்” என்றும் போன் வரும். கல்யாண வரவேற்பில் விருந்தினரை உட்கார வைத்து ஐந்து நிமிடத்தில் கேரிகேச்சர் போட்டுக் கொடுப்பதும் லைவ்தான், ஆனால் அது வேறு தொழில். அங்கே முகச்சாயல் பிடிக்க வேண்டும். நீங்கள் பார்த்ததில் கருத்தைப் பிடிக்க வேண்டும். 1970களில் சான் பிரான்சிஸ்கோ பக்கத்து ஆலோசகர்கள், கூட்டத்தில் எல்லாரும் பார்க்கும்படி பெரிய தாளில் குறிப்பெடுக்க ஆரம்பித்ததிலிருந்து இது ஒரு தனித் தொழிலாக வளர்ந்தது. டேவிட் சிபெட் 1977இல் தொடங்கிய ‘தி குரோவ்’ நிறுவனம் அதில் முக்கியமானது.

கேட்பதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் தமிழில் கேட்டு வரைவதற்கென்று தனிக் கஷ்டம் உண்டு. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. அதைவிட முக்கியம், மறுப்பும் கடைசியில்தான் வருகிறது. “இந்தத் திட்டம் வந்தா எங்க புள்ளைங்களுக்கு இங்கேயே வேலை கிடைக்கும்ங்கிற நம்பிக்கை எங்களுக்கு…” என்று ஒருவர் இழுக்கும்போது உங்கள் மார்க்கர் ‘உள்ளூரில் வேலை’ என்று எழுதி, பக்கத்தில் சிரித்த முகமும் போட்டிருந்தால், அடுத்து வரும் “இல்லைங்க” உங்களைக் கவிழ்த்துவிடும். ஆங்கிலப் பேச்சாளர் ‘நம்பவில்லை’ என்பதை வாக்கியத்தின் முன்பகுதியிலேயே சொல்லிவிடுகிறார், அதனால் அங்கே கை சீக்கிரம் கிளம்பலாம். தமிழில் வாக்கியம் முடியும்வரை கை காத்திருக்க வேண்டும், காது அடுத்த வாக்கியத்துக்குப் போயிருக்கும்போது கை முந்தைய வாக்கியத்தை எழுத வேண்டும். இந்தப் பின்தங்கல்தான் தொழிலின் அடிப்படைப் பழக்கம். இடது கையில் ஒரு சின்ன நோட்டோ ஒட்டுத்தாள் கட்டோ வைத்துக்கொண்டு இரண்டு மூன்று சொற்களைக் கிறுக்கி வைப்பேன், பேச்சாளர் உதாரணத்துக்குள் போகும்போது பலகைக்கு மாற்றுவேன். அதேபோல ‘சொல்றாங்க’, ‘என்கிறார்கள்’ என்பதையும் காது விடக் கூடாது. அடுத்தவர் கருத்தை மறுப்பதற்காக எடுத்துச் சொல்கிறவர் நம் மேடைகளில் நிறைய. மறுப்பை விட்டுவிட்டு, அவர் மறுத்த கருத்தையே அவர் பெயருக்குக் கீழே எழுதிவிடுவது இந்த வேலையில் மிக மோசமான விபத்து.

எதை விடுவது என்பது இரண்டாவது. ஒரு மணி நேரப் பேச்சில் பலகைக்குப் போவது பத்துப் பன்னிரண்டு கருத்துதான். எனக்கு உதவும் அளவுகோல் இது: பேச்சாளர் எங்கே குரல் மாறினார், எதைத் திரும்பச் சொன்னார், எதற்கு அவை அசைந்தது. தகவல் ஸ்லைடிலேயே இருந்தால் அதை நான் வரையத் தேவையில்லை. ஸ்லைடில் இல்லாமல், கேள்வி நேரத்தில் நெருக்கிக் கேட்டபோது வாயில் வந்த வாக்கியம் இருக்கிறதே, அதற்குத்தான் பலகை. புள்ளிவிவரம் வந்தால் எண்ணை எழுதிவிட்டு, உறுதியில்லை என்றால் பென்சிலில் ஒரு சின்ன வட்டம் போட்டு வையுங்கள். இடைவேளையில் அவரிடமே கேட்டுச் சரிபார்க்கலாம். தவறான எண் பெரிய எழுத்தில், அழகான கட்டத்துக்குள் உட்கார்ந்துவிட்டால் அது ஆயிரம் போனில் படமாகிப் போய்விடும்.

எழுத்து மூன்றாவது, இதில் உங்களைப் போன்ற ஓவிய ஆசிரியருக்கு நல்ல தொடக்கம் இருக்கிறது. பலகையில் பாதிக்கு மேல் எழுத்துதான், படம் குறைவு. ஆங்கிலத்தில் முழுக்கப் பெரிய எழுத்தில் எழுதிவிட்டால் எல்லாம் ஒரே உயரத்தில் நிற்கும், தூரத்திலிருந்தும் தெரியும். தமிழில் அந்த வசதி இல்லை. ‘ஒருங்கிணைக்கப்படவேண்டும்’ மாதிரி ஒற்றைச் சொல்லே ஒரு முழம் போகும். கொம்பும் காலும் இடமும் வலமுமாக அகலத்தைத் தின்னும், மேல்விலங்கும் கீழ்ச்சுழியும் வரிகளுக்கு நடுவே இடம் கேட்கும். அதனால் சொல்லைச் சுருக்குவது இங்கே அழகுக்காக இல்லை, இடத்துக்காக. ‘ஒருங்கிணைக்கப்படவேண்டும்’ என்பதை ‘சேர்ந்து செய்’ என்று எழுதினால் பொருள் குறையாது. பட்டை முனை மார்க்கரை ஒரே சாய்வில் பிடித்து எழுதினால் வளைவுகளில் தடிப்பும் மெலிவும் தானாக வரும். ற, ண, ழ மூன்றும் பத்தடி தூரத்தில் தெளிவாகத் தெரிகிறதா என்று வீட்டுச் சுவரில் தாளை ஒட்டிச் சோதித்துப் பாருங்கள். புள்ளியைக் குத்திவிட்டுப் போகாதீர்கள், தடிமனாகவே வையுங்கள். தூரத்திலிருந்து புள்ளி தெரியாவிட்டால் ஒரு மெய் உயிர்மெய்யாகிவிடும். தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசுகிறவர் சொன்னதை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதுங்கள். ‘ஸ்டார்ட்அப்’ என்று அவர் சொன்னால் ஸ்டார்ட்அப்தான், மேடையில் சொல்லாத சொல்லை அவர் வாயில் வைக்க வேண்டாம்.

இனி படங்கள். ஐகான் தொகுப்புகளையும் வெளிநாட்டுப் பயிற்சிக் காணொளிகளையும் பார்த்து நிறையப் பேர் பழகுகிறார்கள். பழகுங்கள், ஆனால் நம் ஊர் மேடைக்கு அப்படியே கொண்டுவர வேண்டாம். நம்பிக்கை என்றால் மலைக்கு நடுவே எழும் சூரியன், வளர்ச்சி என்றால் முளைத்து நிற்கும் இரண்டு இலை, தூய்மை என்றால் தாமரை, நிறுத்து என்றால் விரித்த கை என்று அந்தத் தொகுப்புகள் சொல்லித்தரும். தமிழ்நாட்டில் இவற்றை யாரும் படமாகப் பார்ப்பதில்லை. உதயசூரியன் திமுக, இரட்டை இலை அதிமுக, தாமரை பாஜக, கை காங்கிரஸ். மாம்பழமும் முரசும் பானையும்கூடச் சின்னங்களே. தேர்தல் நடத்தை விதி அமலில் இருக்கும் காலத்தில் அரசுத் துறை நிகழ்ச்சியில் நீங்கள் வரைந்த சூரியனுக்காக ஏற்பாட்டாளர் பதில் சொல்ல வேண்டி வரலாம். நான் சூரியனே வரைவதில்லை. வளர்ச்சிக்கு நாற்று முடியோ தென்னங்கன்றோ வரைவேன், சேமிப்புக்குப் பன்றி உருவத்துக்குப் பதில் மண் உண்டியல். நிறத்திலும் இதே கவனம் வேண்டும். கறுப்பில் எழுதிச் சிவப்பில் எடுத்துக்காட்டுவது உலகம் முழுக்க வழக்கம்தான், ஆனால் இங்கே கறுப்புப் பட்டைக்குக் கீழே சிவப்புப் பட்டை வந்தால் கட்சிக் கொடி. நான் பெரும்பாலும் கறுப்போடு ஆரஞ்சுத் துளியும் சாம்பல் நிழலும் வைத்துக்கொள்கிறேன்.

மனிதரை வரைவதில் இன்னும் கவனம் வேண்டும். ‘டாக்டர்’ என்றால் ஆண், ‘பயனாளி’ என்றால் கைகூப்பி நிற்கும் சேலைக்காரப் பெண் என்று கை தானாகப் போகும். அந்தப் பழக்கத்தை உடைக்கப் பயிற்சி செய்ய வேண்டும். தோல் நிறத்துக்கு வெளிநாட்டு மார்க்கர் பெட்டியில் ‘ஸ்கின்’ என்று வரும் ரோஸ் நிறம் நம் ஊரில் யாருடைய தோலும் இல்லை. நம் மேடைகளில் மரியாதை வரிசை ஒன்று இருக்கிறது, அதையும் மதிக்க வேண்டும். அமைச்சர், ஆட்சியர், துணைவேந்தர், சிறப்பு விருந்தினர் என்று நாலு முகம் வரைந்தால் நாலும் ஒரே அளவில் இருக்கட்டும். ஒன்று பெரிதானால் அடுத்தவருடைய உதவியாளர் வந்து நிற்பார். பெயரும் தலைப்பெழுத்தும் அழைப்பிதழில் உள்ளபடியே இருக்க வேண்டும். குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை என்று முதல் அரை மணி நேரம் போகும். அந்த நேரத்தில் தலைப்பையும் பெயர்களையும் முடித்துவிடலாம், உரை தொடங்கும்போது கை சும்மா இருக்கும்.

ஊர்க் கூட்டங்களில் இந்த வேலையின் முகமே மாறுகிறது, எனக்கு இதன் மேல் பிடிப்பு வந்ததும் அங்கேதான். ஒரு கடலோரக் கிராமத்தில் கடலரிப்பு பற்றிய கூட்டம். முன்வரிசையில் அதிகாரிகளும் பொறியாளரும், பக்கவாட்டில் ஊர்ப் பஞ்சாயத்தார், பின்னால் பாயில் பெண்கள். ஒரு மணி நேரமாகப் பேச்சு முழுக்கத் தூண்டில் வளைவு (அரிப்பைத் தடுக்கக் கரையிலிருந்து கடலுக்குள் நீட்டும் கல் தடுப்பு) பற்றித்தான். எத்தனை மீட்டர், எங்கே கல் கொட்டுவது, படகு எங்கே நிற்கும். பலகையிலும் கரை, வளைவு, படகு, வலை என்று அதுவே வந்திருந்தது. தேநீர் கொடுக்கும்போது மீன் விற்கிற அக்கா ஒருவர் எழுந்து வந்து பலகையை நிதானமாகப் பார்த்தார். “தம்பி, எல்லாம் இருக்கு. நாங்க கருவாடு காயப்போடுற இடம் எங்க?” என்றார். அதுவரை யாரும் அதைப் பேசவில்லை. மார்க்கரை அவரிடம் கொடுத்தேன். முதலில் வாங்கத் தயங்கினார். பிறகு கரைக்கோட்டுக்கு உள்பக்கம் ஒரு நீள்கட்டம் போட்டு, அதில் பாதியைக் குறுக்கே கோடிழுத்து அடித்து, “இது போயிருச்சு” என்றார். இன்னொருவர் வந்து, வாடைக் காற்று அடிக்கும் மாதங்களில் தண்ணீர் எதுவரை ஏறும் என்று விரலால் காட்டினார். தேநீருக்குப் பிறகு கூட்டம் அந்தக் கட்டத்தைப் பற்றித்தான் பேசியது. கருவாட்டுத் தளம் தீர்மானத்தில் தனி வரியாக இடம்பெற்றது. அவர்கள் கேட்டது கிடைத்ததா என்பது வேறு கதை. பேசாதவர் ஒருவருக்குப் பேச இடம் திறந்தது என்பதை மட்டும் நான் கண்ணால் பார்த்தேன்.

இது புதிதும் இல்லை. 1980களின் கடைசியிலும் 90களின் தொடக்கத்திலும், பிரிட்டிஷ் ஊரக வளர்ச்சி ஆய்வாளர் ராபர்ட் சேம்பர்ஸ் போன்றவர்கள் எழுதிப் பரப்பிய பங்கேற்பு ஊரக மதிப்பீடு தென்னிந்தியக் கிராமங்களுக்கு வந்தபோது, ஊர் மக்களே தெருவில் கோலமாவாலும் வண்ணப்பொடியாலும் விதைகளாலும் தங்கள் ஊரை வரைந்தார்கள். எந்த வீட்டில் விதவை, எந்தக் குழந்தை பள்ளிக்குப் போகவில்லை, எந்தக் கிணறு கோடையில் வற்றும் என்று எல்லாம் அந்தச் சமூக வரைபடத்தில் வந்தது. சுய உதவிக் குழுக்களில் இருந்த உங்கள் ஊர் மூத்த பெண்களைக் கேட்டுப் பாருங்கள், நினைவு வைத்திருப்பார்கள். கோலமாவு அவர்கள் கையில் இருந்தது. மார்க்கர் நம் கையில் இருக்கிறது. இந்த வித்தியாசத்தை மறக்காமல், ஊர்க் கூட்டத்தில் பலகைக்குக் கீழே எட்டுகிற உயரத்தில் காலி இடமும் இரண்டு உபரி மார்க்கரும் வைத்துவிடுங்கள். கூட்டம் முடியும்போது பலகையை மேலிருந்து கீழாக உரக்க வாசித்துக்காட்டி, “விட்டுப்போனது என்ன, தப்பா வந்தது என்ன?” என்று கேளுங்கள். எழுத்து படிக்காதவர்களும் அப்போதுதான் சரிபார்க்க முடியும். குடும்ப வன்முறை, கடன், சாதிச் சண்டை பற்றி ஒருவர் மனம் திறந்து சொன்னால் பெயரும் முகமும் அடையாளமும் பலகைக்கு வரக் கூடாது. சில நேரம் மார்க்கரை மூடி வைத்துவிட்டு வெறுமனே கேட்பதே சரி.

இந்த வேலையால் உண்மையில் என்ன பயன் என்று வாடிக்கையாளர் கேட்பார். இங்கே உறுதியானதையும் உறுதியில்லாததையும் பிரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் தொழிலில் பொய்யான எண்கள் அதிகம் புழங்குகின்றன. ‘மூளை எழுத்தைவிடப் படத்தை 60,000 மடங்கு வேகமாகப் புரிந்துகொள்கிறது’ என்ற வரியைப் பல விளம்பரத் தாள்களில் பார்ப்பீர்கள். அதற்குப் பின்னால் எந்த ஆய்வும் இல்லை. ‘படிப்பதில் 10 சதவீதம், பார்ப்பதில் 30 சதவீதம் நினைவில் நிற்கும்’ என்ற முக்கோணப் படமும் அப்படியே. அமெரிக்கக் கல்வியாளர் எட்கர் டேல் 1946இல் வெளியிட்ட மூலப் படத்தில் சதவீதமே கிடையாது, பிறகு யாரோ சேர்த்தது. இந்த இரண்டையும் உங்கள் விலைப்பட்டியலில் போடாதீர்கள்.

உறுதியாகத் தெரிந்தது இவ்வளவு. சொற்களை எழுதியவர்களைவிட அவற்றை வரைந்தவர்கள் அதிகம் நினைவு வைத்திருந்தார்கள் என்று கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்டார்கள். சலிப்பூட்டும் ஒரு தொலைபேசிச் செய்தியைக் கேட்கும்போது கட்டங்களுக்கு நிழல் தீட்டிக்கொண்டிருந்தவர்கள், சும்மா கேட்டவர்களைவிட 29 சதவீதம் கூடுதலாக நினைவு வைத்திருந்ததாக உளவியலாளர் ஜாக்கி ஆண்ட்ரேட் 2009இல் எழுதினார். அந்த ஆய்வில் இருந்தவர்கள் 40 பேர். கவனியுங்கள், இரண்டிலும் பயன் வரைந்தவருக்கு. அடுத்தவர் வரைந்ததை உட்கார்ந்து பார்க்கும் அவைக்கு அதே பலன் உண்டு என்று இவை காட்டவில்லை. சொற்களைவிடப் படங்கள் நினைவில் நன்றாக நிற்கும் என்பது உளவியலில் நிலைபெற்ற முடிவுதான், ஆனால் அதிலிருந்து ‘உங்கள் கருத்தரங்கு மறக்காது’ என்று தாவ முடியாது. நான் வாடிக்கையாளரிடம் சொல்வது: இடைவேளையில் ஆட்கள் பலகை முன் கூடுவார்கள், பேசுவார்கள், படம் எடுத்து அனுப்புவார்கள். யாரும் படிக்காத நாற்பது பக்க அறிக்கைக்குப் பதில் ஒரே தாளில் கூட்டத்தின் சாரம் கையில் இருக்கும். தாங்கள் சொன்னது ஏறியிருக்கிறதா என்று ஒவ்வொருவரும் தேடிப் பார்ப்பார்கள். இவ்வளவுக்கு என்னால் உத்தரவாதம் தர முடியும். வேலை கிடைக்க இதுவே போதும்.

ஐபேட் கேள்விக்கு வருகிறேன். தொடக்கத்துக்கு வேண்டாம். தாளில் ஆரம்பியுங்கள். திருத்த முடியாது என்ற பயமே கேட்கும் காதைக் கூர்மையாக்கும். ப்ளாட்டர் பேப்பர் ரோல் (கட்டட வரைபடம் அச்சடிக்கும் அகலத் தாள் சுருள்) 36 அல்லது 42 அங்குல அகலத்தில் கிடைக்கும், சென்னை பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் காகித வியாபாரிகளிடம் விசாரிக்கலாம், உங்கள் ஊரில் பிளான் பிரின்ட் எடுக்கும் கடையில் கேளுங்கள். நிறுவனக் கூட்டமென்றால் எட்டுக்கு நான்கு அடி போம் போர்டு அல்லது சன்போர்டு என்கிற கனமில்லாத பலகை, ஏற்பாட்டாளரே வாங்கி வைப்பார். மார்க்கர் தண்ணீர் கலந்த மையாக இருக்கட்டும். ஸ்பிரிட் மை தாளின் பின்பக்கம் ஊறிச் சுவரைக் கறையாக்கும், ஏசி அறையில் ஆறு மணி நேரம் அந்த வாடையில் நின்றால் தலைவலி நிச்சயம். ஜெர்மனியின் நோய்லாண்ட் மார்க்கர்கள் மை நிரப்பிப் பயன்படுத்தக்கூடியவை, முனையும் மாற்றலாம். நல்லவைதான், ஆனால் இறக்குமதி விலை. வருமானம் வந்த பிறகு வாங்கலாம். கறுப்பில் முதலில் எல்லாவற்றையும் எழுதி முடித்துவிட்டு நிறத்தை இடைவேளையில் ஏற்றுங்கள். நேரம் போதாமல் போனாலும் கறுப்பு வெள்ளையில் பலகை முழுமையாக இருக்கும்.

டிஜிட்டலில் ஒரு பெரிய வசதி, பெரிய திரையில் காட்டலாம், புரோகிரியேட் என்ற ஐபேட் செயலியில் வரைந்தது முழுவதும் டைம்லாப்ஸாக, அதாவது வேகமாக ஓடும் காணொளியாகத் தானே பதிவாகும், கூட்டம் முடிந்த அன்றே பிடிஎஃப் அனுப்பிவிடலாம். ஆன்லைன் கூட்டத்துக்கு வேறு வழியே இல்லை. ஆனால் பேசும்போதே திரையில் காட்டச் சொன்னால் நான் மறுத்துவிடுவேன். அவையின் கண் பேச்சாளரை விட்டு என் கோட்டின் பின்னால் போகும், அது பேச்சாளருக்குச் செய்யும் அநியாயம். இடைவேளையிலும் முடிவிலும் காட்டினால் போதும். மேலும் ஐபேட் திரையில் யாரும் மார்க்கர் வாங்கிக் கட்டம் போட வர மாட்டார்கள். ஊர்க் கூட்டத்துக்குத் தாள்தான்.

நிகழ்ச்சிக்கு முன் இரண்டு விஷயத்தை விடாப்பிடியாகக் கேட்டு வாங்குங்கள். ஒன்று, நிகழ்ச்சி நிரலும் பேச்சாளர்களின் ஸ்லைடுகளும் துறைச் சொற்களும். சிறுநீரக மருத்துவர்கள் மாநாட்டுக்கு ‘டயாலிசிஸ்’ மட்டும் தெரிந்துகொண்டு போனால் பத்தாவது நிமிடத்தில் தொலைந்துபோவீர்கள். இரண்டு, சத்தம். மேடை ஓரத்தில் ஸ்பீக்கருக்குப் பின்னால் நின்றால் எதிரொலி மட்டும்தான் கேட்கும். முதல் நாள் மாலையே போய் மைக்செட்காரரைப் பார்த்து, மிக்சரிலிருந்து ஒரு ஹெட்போன் இணைப்பு கேளுங்கள். பெரிய அரங்குகளில் சுலபமாகத் தருவார்கள். பலகை மீது தனி விளக்கு, மூன்று பக்கமும் வயர் இல்லாத தரை, எட்டும் தூரத்தில் தண்ணீர். ஆறு மணி நேரம் நிற்கும் வேலை இது, செருப்பை யோசித்துத் தேர்ந்தெடுங்கள்.

பணம். தொகையை இங்கே எழுதப் போவதில்லை. ஊருக்கு ஊர், வாடிக்கையாளருக்கு வாடிக்கையாளர் அவ்வளவு வித்தியாசம். கணக்குப் போடும் முறையைச் சொல்கிறேன். ஒரு நாள் நிகழ்ச்சி உங்களிடம் மூன்று நாள் எடுக்கும்: படித்துத் தயாராக ஒன்று, நின்று வரைய ஒன்று, புகைப்படம் எடுத்துச் சுத்தம் செய்து கோப்பாக அனுப்ப ஒன்று. ஒரு நாள் கூலியைக் கேட்டால் இரண்டு நாள் இலவசமாகப் போகும். அதே நிகழ்ச்சிக்கு வரும் புகைப்படக்காரரும் தொகுப்பாளரும் என்ன வாங்குகிறார்கள் என்று ஈவென்ட் மேனேஜரிடம் விசாரித்தால் உங்கள் விலை எந்த வட்டத்தில் இருக்க வேண்டும் என்பது பிடிபடும். பாதி முன்பணம், பயணமும் தங்குமிடமும் தனி. ஊர்க் கூட்டங்களுக்கு நான் குறைத்து வாங்குகிறேன், ஆனால் இலவசமாகச் செய்வதில்லை. இலவசமாக வந்தவருடைய பலகையை மூலையில் சாய்த்து வைத்துவிடுவார்கள்.

நிறுவனங்கள் உங்கள் பில்லில் வரி பிடித்துக்கொண்டுதான் தரும். சிலர் தொழில்முறைக் கட்டணம் என்று 10 சதவீதம் பிடிப்பார்கள், சிலர் ஒப்பந்த வேலை என்று 1 சதவீதம். ரிட்டர்ன் தாக்கல் செய்தால் கணக்கில் நேர்ப்படும். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவு பொதுவாகத் தேவையில்லை. சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் தளத்தில் குறுந்தொழிலாக இலவசமாகப் பதிந்துகொள்ளுங்கள். குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி அப்படிப் பதிந்தவருக்கு, ஒப்பந்தத்தில் எவ்வளவு நாள் எழுதியிருந்தாலும், 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தாமதித்தால், பணம் கொடுத்த ஆண்டில்தான் அந்தச் செலவை நிறுவனம் வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியும் என்று 2024 ஏப்ரல் முதல் நடைமுறை வந்த பிறகு, பெரிய நிறுவனங்களின் கணக்குப் பிரிவு பில்லில் உத்யம் எண்ணைப் பார்த்தாலே சுறுசுறுப்பாகிறது.

வரைந்தது யாருக்குச் சொந்தம்? இதில் சட்டம் நமக்கு முழுக்கச் சாதகமாக இல்லை. பதிப்புரிமைச் சட்டம், 1957, பிரிவு 17இன்படி படைத்தவரே முதல் உரிமையாளர். ஆனால் கூலி கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கும் உருவப்படத்துக்கும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வரையச் சொன்னவரே உரிமையாளர். எழுத்தும் படமும் கலந்த நம் பலகை அந்த விதிவிலக்குக்குள் வருமா என்பது வாதத்துக்கு இடமான கேள்வி, நான் வக்கீல் இல்லை. அதனால் ஒரு பக்க ஒப்பந்தம் இல்லாமல் நான் மார்க்கரைத் திறப்பதில்லை. அசல் தாள் யாரிடம் இருக்கும், அவர்கள் எங்கெல்லாம் வெளியிடலாம், நான் என் வேலைத் தொகுப்பில் காட்டலாமா, என் பெயர் இருக்குமா என்ற நாலு வரி போதும். உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு என்றும் எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா என்றும் பிரிவு 19 எடுத்துக்கொள்ளும். பெயர் போடும் உரிமை, உரிமையை விற்ற பிறகும் பிரிவு 57இல் உங்களிடமே இருக்கிறது.

செயற்கை நுண்ணறிவு பற்றியும் கேட்கிறார்கள். பேச்சை எழுத்தாக்குவது, சாரம் எடுப்பது, படம் போடுவது மூன்றையும் மென்பொருள் செய்கிறது. ஐகானும் தலைப்பும் மட்டும் போதும் என்கிற நிறுவனக் கூட்டங்களில் அது நம் வேலையில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளும் என்றே நினைக்கிறேன். ஊர்க் கூட்டத்தில், பாயில் உட்கார்ந்திருப்பவர் எழுந்து வந்து கைவைக்கும்படி ஒரு பலகையை நிறுத்துவது அப்படிப் போகாது என்பது என் கணிப்பு. இது கணிப்பு மட்டுமே.

நீங்கள் எங்கிருந்து தொடங்கலாம்? பள்ளி வேலையை விட வேண்டாம். இந்தத் தொழிலில் வரவு சீராக வருவதில்லை, சென்னையில் டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை கூட்டங்கள் குவியும், கோடையில் மாதக்கணக்கில் போனே வராது. பயிற்சிக்குப் பட்டிமன்றப் பதிவுகளைப் போல் வேறில்லை. இரண்டு அணி, தெளிவான வாதம், குரல் ஏற்ற இறக்கம், கடைசியில் தீர்ப்பு என்று தாளை எப்படிப் பிரிப்பது என்பதை அதுவே சொல்லித்தரும். நிறுத்தாமல், பின்னோக்கி ஓட்டாமல் ஒன்றை முழுசாகக் கேட்டு வரையுங்கள், பிறகு தாளை மட்டும் வீட்டில் ஒருவரிடம் கொடுத்து என்ன பேசினார்கள் என்று சொல்லச் சொல்லுங்கள். அவர் சொல்வது பேச்சோடு பொருந்தத் தொடங்கியதும், ஊர் நூலக வாசகர் வட்டம், புத்தகத் திருவிழா அரங்கு என்று நாலு பேர் முன்னால் நில்லுங்கள்.

கிராம சபையையும் விடாதீர்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 நான்கும் பொது விடுமுறை, ஆசிரியரான உங்களுக்கு வசதி. கொடியேற்றம் முடிந்து பள்ளியிலிருந்து கிளம்பினாலும் பெரும்பாலும் நேரம் இருக்கும். ஊராட்சித் தலைவரிடமும் செயலரிடமும் முன்கூட்டியே சொல்லிவிட்டு, ஒரு ரோல் தாளும் ஆறு மார்க்கரும் மாஸ்கிங் டேப்பும் எடுத்துப் போங்கள். பெண்கள் உட்காரும் பக்கத்துச் சுவரில் தாளை ஒட்டுங்கள்.